அணுகுண்டுச் சோதனைப் படம் ஒன்று கைக்கு வந்தால்: எது, எங்கே, எப்போது என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹிரோஷிமா என்ற தலைப்போடு சுற்றிவரும் காளான் மேகப் படங்கள் பல ஹிரோஷிமாவில் எடுத்தவை அல்ல. சில பிகினி தீவில் எடுத்தவை, சில நாகசாகி, சில பிரெஞ்சுக்காரர்கள் பசிபிக்கில் நடத்திய சோதனை. உண்மையிலேயே 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவுக்கு மேலே எடுத்த ஒரு படத்தில்கூட சிக்கல் இருந்தது. குண்டு வெடித்த மேகம் என்று பல ஆண்டுகள் காட்டப்பட்ட அதில் தெரிவது, சில மணி நேரம் கழித்து நகரமே எரிந்தபோது எழுந்த புகை என்று பின்னால் தெரியவந்தது. அருங்காட்சியகங்களுக்கே இந்தக் கதி என்றால் வாட்ஸ்அப் ஃபார்வேர்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பள்ளிப் பாடத்துக்கோ, யூடியூப் காணொளிக்கோ, கட்டுரைக்கோ இந்தப் படங்களைப் பயன்படுத்துகிறவர்களுக்காக எழுதியது இது. வரிசையாகச் செய்தால் பெரும்பாலான படங்களை அரை மணி நேரத்தில் அடையாளம் கண்டுவிடலாம்.

முதல் படி: தலைப்பை மூடிவிட்டு, நல்ல பிரதியைத் தேடுங்கள்

படத்தோடு வந்த விளக்கத்தை ஓரமாக வையுங்கள். பிறகு கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றிலும் அந்தப் படத்தைப் போட்டுத் தேடுங்கள். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். அப்படியும் கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுத் தேடுங்கள். புத்தக அட்டைக்காகவும் போஸ்டருக்காகவும் திருப்பிப்போட்டவை ஏராளம். ஓரங்களை வெட்டியிருப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். அடிவானம், கப்பல், மரம், கோபுரம் என்று துப்பு கொடுக்கும் விஷயமெல்லாம் ஓரத்தில்தான் இருக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள். இரத்தச் சிவப்பாக, ஆரஞ்சாகத் தகதகக்கும் அந்தப் புகழ்பெற்ற காளான் மேகம் 1954 மார்ச்சில் பிகினியில் வெடித்த காசில் ரோமியோ என்ற அமெரிக்கச் சோதனை, 11 மெகாடன். (ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் வலிமை, மெகாடன் என்பது பத்து லட்சம் டன்.) "ஜார் குண்டு" என்றும், "மூன்றாம் உலகப்போர்" என்றும், சமயத்தில் "ஹிரோஷிமா" என்றும் அதே படம் வேறு வேறு அளவு சிவப்போடு வரும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினியில் வண்ணம் பூசுவது இப்போது ஒரு நிமிட வேலை. முதல் சோதனையான டிரினிட்டிக்கு 50க்கும் மேற்பட்ட கேமராக்கள் வைத்திருந்தார்கள். ஆனாலும் நன்றாக வந்ததென்று எல்லாரும் அறிந்த வண்ணப் படம், ஜாக் ஏபி என்பவர் தன் 35 மி.மீ. கேமராவில் எடுத்த ஒன்றுதான். எனவே டிரினிட்டி என்று பளிச்சென்ற வண்ணப் படங்கள் வரிசையாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாம் படி: காலத்தை வைத்துக் கழியுங்கள்

இது எளிது, பலனும் பெரிது. முதல் வெடிப்பு 1945 ஜூலை 16. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் மூன்றும் 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி வளிமண்டலத்தில் வெடிப்பதை நிறுத்திக்கொண்டன. பிரான்ஸ் 1974 வரை வானத்தில் வெடித்தது, சீனா 1980 அக்டோபர் வரை. அதற்குப் பிறகு யாரும் திறந்த வெளியில் அணுகுண்டு வெடிக்கவில்லை. ஆகவே 1990 என்றோ 2017 வடகொரியா என்றோ தலைப்புப் போட்டு காளான் மேகம் வந்தால், மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை. தலைப்பு தவறு.

நம் ஊர்ப் பக்கம் இது அடிக்கடி தேவைப்படும். ஒவ்வொரு மே மாதமும் பொக்ரான் நினைவுநாளில், அப்துல் கலாம் படத்துக்குப் பின்னால் ஒரு பெரிய காளான் மேகத்தை ஒட்டிப் பதிவு போடுகிறார்கள். 1974 மே 18 அன்றும் சரி, 1998 மே 11, 13 தேதிகளிலும் சரி, ராஜஸ்தான் பாலைவனத்தில் எல்லா வெடிப்பும் பூமிக்கு அடியில்தான் நடந்தன. காளான் மேகம் எழவே இல்லை. உண்மையான பொக்ரான் படங்களில் தெரிவது மேலெழும் மண், புழுதி, அப்புறம் உள்வாங்கிய பள்ளம், அதைச் சுற்றி நின்று பார்க்கும் விஞ்ஞானிகள். பார்க்கச் சப்பென்றுதான் இருக்கும். அதற்காகப் பிகினி மேகத்தைக் கடன் வாங்குவது நியாயமில்லை. அதே மாதம் 28ஆம் தேதி பாகிஸ்தான் சாகாயில் வெடித்த படத்திலும் மேகம் இல்லை. மலைச்சரிவு முழுக்கப் புழுதி கிளம்பி வெளுத்துப்போவதுதான் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆழம் போதாமலோ, வேண்டுமென்றே பள்ளம் தோண்டவோ வெடித்தால் மண் பிய்த்துக்கொண்டு வரும். 1962 ஜூலை 6 அன்று நெவாடாவில் வெடித்த செடான் அப்படிப்பட்டது. 104 கிலோடன் குண்டை 194 மீட்டர் ஆழத்தில் வைத்து வெடித்தார்கள். தரை குமிழாக உப்பி வெடித்து, சுமார் 390 மீட்டர் அகலம், 100 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. அணுகுண்டால் துறைமுகமும் கால்வாயும் தோண்டலாம் என்று நினைத்த காலம் அது.

மூன்றாம் படி: தரையைப் பாருங்கள்

எல்லாருடைய கண்ணும் மேகத்துக்குப் போகும். நீங்கள் கீழே பாருங்கள்.

தென்னை மரமும் காயலும் இருந்தால் பசிபிக். அமெரிக்கர்களுக்கு மார்ஷல் தீவுகளின் பிகினி, எனெவெடாக். பிரிட்டிஷாருக்குக் கிறிஸ்துமஸ் தீவு. பிரெஞ்சுக்காரர்களுக்கு முருரோவா, ஃபங்கட்டாவுஃபா. மேகத்தின் காலடியில் போர்க்கப்பல்கள் வரிசையாக நின்றால் 1946 ஜூலையில் அமெரிக்கா நடத்திய கிராஸ்ரோட்ஸ் சோதனைத் தொடராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதிலும் தண்ணீர்த் தூண் கிளம்பி, தலையில் காலிஃபிளவர் போல விரிந்திருந்தால் அது பேக்கர், ஜூலை 25. குண்டு 27 மீட்டர் ஆழத்தில் கடலுக்கடியில் வெடித்தது. ஜூலை 1 அன்று நடந்த ஏபிள் விமானத்திலிருந்து போட்டது. அதன் மேகம் வழக்கமான காளான். இரண்டும் சுமார் 23 கிலோடன்தான், ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது பேக்கரை. ஹைட்ரஜன் குண்டு என்று சொல்லி அந்தப் படத்தைப் போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: முதல் ஹைட்ரஜன் குண்டுச் சோதனைக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

ஜோஷுவா மரமும் (ஈட்டி போன்ற இலைக்கொத்துகள் கொண்ட பாலைவன மரம்), வறண்ட ஏரிப்படுகையும், தொலைவில் மொட்டை மலைகளும் தெரிந்தால் நெவாடா. அங்கே 1951 முதல் 1962 வரை சுமார் 100 வெடிப்புகள் திறந்த வெளியில் நடந்தன. பதுங்குகுழியில் சிப்பாய்கள், உடை மாட்டிய பொம்மைகள், புத்தம்புது வீடுகள், பீரங்கி எல்லாம் அங்கே எடுத்தவைதான். பீரங்கியிலிருந்து சுட்டு வெடிப்பதாக இருந்தால் தேடவே வேண்டாம்: 1953 மே 25, கிரேபிள், 15 கிலோடன். அமெரிக்கா பீரங்கியில் வைத்துச் சுட்ட அணுகுண்டு அது ஒன்றுதான்.

முகமூடி மாட்டிய குதிரைகள் மேகத்தை நோக்கிப் பாய்ந்தால் சீனா, லோப் நோர். பனியும், அடுக்கடுக்கான மேகமும், விமான ஜன்னல் வழியே எடுத்த கோணமும் இருந்தால் சோவியத்தின் நோவயா செம்லியாவாக இருக்கலாம். 1961 அக்டோபர் 30 அன்று அங்கே வெடித்த 50 மெகாடன் ஜார் குண்டின் 40 நிமிடப் படத்தை ரஷ்ய அணுசக்தி நிறுவனமான ரோசாட்டம் 2020 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. அதற்கு முன்பு இணையத்தில் "ஜார் குண்டின் துல்லியமான வண்ணப் படம்" என்று சுற்றியவற்றை மறுபடி சோதிப்பது நல்லது.

நான்காம் படி: மேகமும் காற்றும் சொல்வது

ஈரக் காற்றில் அதிர்ச்சி அலை கடந்துபோனதும் அதன் பின்னால் அழுத்தம் சட்டென்று குறையும். காற்று குளிர்ந்து, ஈரம் பனித்துளியாகி, ஒரு வெள்ளைக் குவிமாடம் நொடிப்பொழுதில் தோன்றி மறையும். இதை வில்சன் மேகம் என்பார்கள். பசிபிக் படங்களில் மேகத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளை வளையங்களும் பாவாடைகளும் இப்படி வந்தவை. நெவாடாவின் வறண்ட காற்றில் இது பெரும்பாலும் இராது.

இது அணுகுண்டுக்கு மட்டும் உரியதல்ல. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது அதே வெள்ளைக் குவிமாடம் எழுந்தது. உடனே "அணுகுண்டு" என்று பதிவுகள் பறந்தன. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் முதலில் வந்ததா என்று பார்த்திருந்தால் போதும். அணு வெடிப்பில் வெளிச்சம்தான் முதலில் வரும். படம் முழுக்க வெளுத்துப்போகும், நிழல்கள் கத்தியால் வெட்டியதுபோல விழும். பெய்ரூட்டில் அது இல்லை.

இன்னொன்று, பலரும் கேட்பது: மேகத்துக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாகவோ சாய்ந்தோ நிற்கும் வெள்ளைக் கோடுகள் என்ன? ஏவுகணைகள் அல்ல, மின்னலும் அல்ல. வெடிப்பதற்குச் சில நொடிகள் முன்பு சின்ன ராக்கெட்டுகளை ஏவி விட்ட புகைத் தடங்கள். கண்ணுக்குத் தெரியாத அதிர்ச்சி அலை அந்தக் கோடுகளுக்கு முன்னே நகரும்போது கோடு உடைந்து விலகியதாகத் தெரியும். எந்த ஃபிரேமில் எங்கே உடைகிறது என்று அளந்தால் அலையின் வேகம் கிடைத்துவிடும். பின்னணியில் கட்டம் போட்ட தாள் வைக்க முடியாத இடத்தில், வானத்திலேயே கோடு கிழித்திருக்கிறார்கள். இந்தக் கோடுகள் இருந்தால் அது அளவெடுக்க எடுத்த படம் என்பது உறுதி.

ஐந்தாம் படி: எந்தக் கேமரா?

எனக்குப் பிடித்த பகுதி இது. கேமராவின் வகை தெரிந்தால் படத்தின் நோக்கமும் தெரிந்துவிடும்.

கறுப்புப் பின்னணியில், திட்டுத்திட்டான மேற்பரப்போடு, அடியில் முட்கள் நீட்டிக்கொண்டு ஒரு விசித்திரமான உருண்டை நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பலர் நுண்ணோக்கிப் படம் என்றே நினைக்கிறார்கள். அவை வெடித்து ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகூட ஆகாதபோது எடுத்தவை. எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரால்டு எட்ஜர்ட்டனும் அவருடைய இ.ஜி. அண்டு ஜி. நிறுவனமும் உருவாக்கிய ராப்பட்ரானிக் கேமரா அவற்றை எடுத்தது. உலோகத் தகடு திறந்து மூடும் ஷட்டர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால் ஒன்றுக்கொன்று குறுக்கே திருப்பிய இரண்டு ஒளிமுனைவாக்கித் தகடுகளை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) வைத்து வெளிச்சத்தை முழுக்க அடைத்தார்கள். நடுவில் உள்ள கண்ணாடியைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தட்டிவிட்டால் ஒளியின் தளம் திரும்பி, சில மைக்ரோ நொடிக்கு வழி திறக்கும். நகரும் பாகமே கிடையாது. ஒரு கேமரா ஒரே ஒரு படம்தான் எடுக்கும். வரிசைப் படம் வேண்டுமென்றால் பல கேமராக்களை அடுத்தடுத்து இயங்கும்படி அடுக்குவார்கள்.

அந்த முட்கள்? கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பிகள்தான். தீப்பந்து வந்து தொடுவதற்கு முன்பே அதன் ஒளி கம்பியை ஆவியாக்கிவிடுகிறது. ஜான் மாலிக் என்ற இயற்பியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். கம்பிக்குக் கறுப்பு வண்ணம் பூசினால் முள் நீண்டது, பளபளக்கும் தகடு சுற்றினால் முள்ளே வரவில்லை. ஆகவே முள் தெரிந்தால் கோபுரத்தில் வைத்து வெடித்தது என்று எழுதலாம். விமானத்திலிருந்து போட்ட குண்டுக்கு முள் இராது.

அடுத்தது அதிவேக ஃபிலிம் கேமரா. டிரினிட்டியில் பெர்லின் பிரிக்ஸ்னர் தலைமையிலான குழு வைத்த ஃபாஸ்டாக்ஸ் வகைக் கேமராக்கள் நொடிக்குப் பல ஆயிரம் ஃபிரேம் எடுக்கும். அடியில் "0.025 நொடி", "100 மீட்டர்" என்று அளவுகோலோடு வரும் டிரினிட்டிப் படங்கள் இந்த வரிசையைச் சேர்ந்தவை. இவற்றைக் காணொளியாகப் பார்க்கும்போது கால அளவு ஏமாற்றும். நொடிக்கு 2,400 ஃபிரேமில் எடுத்ததை 24 ஃபிரேமில் ஓட்டினால் ஒரு நொடி 100 நொடியாக நீளும்.

சோப்புக் குமிழி நிறத்தில் மஞ்சள், ஊதா, பச்சை என்று அடுக்கடுக்காகத் தீப்பந்து தெரிந்தால் அது இயற்கை நிறமாக இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம். இ.ஜி. அண்டு ஜி.யில் இருந்த சார்லஸ் வைக்காஃப் மூன்று அடுக்கு ஃபிலிம் ஒன்றை உருவாக்கினார். ஒவ்வோர் அடுக்கும் வேறு வேறு அளவு வெளிச்சத்துக்கு ஏற்றது, வேறு நிறம் ஏறும். சூரியனை விஞ்சும் வெளிச்சத்தையும் மங்கிய ஓரத்தையும் ஒரே ஃபிலிமில் பதிய வைக்கும் உபாயம். அங்கே நிறம் என்பது வெளிச்சத்தின் அளவு.

கடைசி வகை, மக்களுக்குக் காட்ட எடுத்தது. லாஸ் ஏஞ்சலஸில் லாரல் கேன்யன் பகுதியில் லுக்அவுட் மவுண்டன் என்ற ரகசிய ஸ்டுடியோவை அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை நடத்தியது. ஹாலிவுட் தொழில்நுட்பக்காரர்களை வைத்து ஆயிரக்கணக்கான படங்களை அங்கே தயாரித்தார்கள். கம்பீரமான வர்ணனைக் குரல், இசை, நெஞ்சை அள்ளும் சூரியோதயக் கோணம் எல்லாம் இருந்தால், அது அங்கே தயாரித்ததா என்று பாருங்கள்.

ஆறாம் படி: காதைத் தீட்டுங்கள்

காணொளியில் வெளிச்சமும் "டமார்" சத்தமும் ஒன்றாக வந்தால் சத்தம் பின்னால் சேர்த்தது. இதில் விவாதமே இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கேமராக்கள் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தன. பெரும்பாலானவற்றில் ஒலிப்பதிவே கிடையாது. நாம் பார்க்கும் ஆவணப்படங்களில் இடியும் பீரங்கியும் கலந்து சேர்த்திருக்கிறார்கள்.

உண்மையான ஒலியோடு கிடைப்பது அபூர்வம். 1953 மார்ச் 17 அன்று நெவாடாவில் வெடித்த ஆனி சோதனையைப் பத்திரிகையாளர்கள் சுமார் 11 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தார்கள். அங்கே பதிவான படத்தில் வெளிச்சம் வந்து ஏறக்குறைய அரை நிமிடம் கழித்துத்தான் சத்தம் வருகிறது, அதுவும் வறண்ட ஒற்றை வெடியாக. நடுவில் பக்கத்தில் நிற்பவர்களின் பேச்சு கேட்கும். நீங்களே கணக்குப் போடலாம்: வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நொடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு ஏறக்குறையக் கிலோமீட்டரில் கிடைக்கும்.

ஏழாம் படி: விருப்பமிருந்தால், வெடிப்பின் வலிமையை அளவிடுங்கள்

பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் 1941லேயே போட்ட கணக்கு ஒன்றை, வெளியே விடப்பட்ட டிரினிட்டிப் படங்களோடு பொருத்தி 1950இல் வெளியிட்டார். தீப்பந்தின் ஆரத்தை (மீட்டரில்) ஐந்து தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, காற்றின் அடர்த்தியால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஆற்றல் தோராயமாகக் கிடைக்கும்.

0.025 நொடிப் படத்தில் ஆரம் சுமார் 140 மீட்டர். 140ஐ அப்படி ஐந்து தடவை எழுதிப் பெருக்கினால் 5,378 கோடி. காற்றின் அடர்த்தி 1.25 என்று கொண்டால் 6,722 கோடி. இதை 0.025இன் வர்க்கமான 0.000625ஆல் வகுத்தால் ஏறத்தாழ 107 லட்சம் கோடி ஜூல். ஒரு கிலோடன் என்பது 4.18 லட்சம் கோடி ஜூல். ஆக, 25 கிலோடனை ஒட்டி வருகிறது. நீண்டகாலம் 21 என்று சொல்லப்பட்டதை 2021இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் 24.8 என்று திருத்தினார்கள். இவ்வளவு எளிய கணக்குக்கு இது மோசமில்லை. கேமரா வேகம் தெரியாத காணொளிக்கு மட்டும் இதைப் போட்டுப் பார்க்காதீர்கள். நேரத்தில் 10 சதவீதம் பிசகினால் விடையில் 20 சதவீதம் பிசகும். ஆரத்தில் 10 பிசகினால் 50க்கும் மேலே போகும்.

லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் கிரெக் ஸ்பிரிக்ஸ் குழு செய்ததும் இதன் விரிந்த வடிவம்தான். 1945 முதல் 1962 வரை அமெரிக்கா நடத்திய 210 வளிமண்டலச் சோதனைகளை எடுத்த ஃபிலிம்கள் சுமார் 10,000. அவை பெட்டகங்களில் அழுகிக்கொண்டிருந்தன. பெட்டியைத் திறந்தால் வினிகர் நெடி அடித்தது. அசிட்டேட் ஃபிலிம் சிதையும்போது வரும் நெடி அது. அவற்றைத் தேடி ஸ்கேன் செய்து மறுபடி அளந்தபோது, அந்தக் காலத்தில் கையால் அளந்த விடைகள் சிலவற்றில் 20, 30 சதவீதம்வரை பிழை இருந்தது. 2017 மார்ச்சில் முதல் தொகுப்பை யூடியூபில் ஏற்றினார்கள். சோதனையின் பெயரும் குறியெண்ணும் இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் படி: சட்டகத்துக்குள் யார், வெளியே யார்

அடையாளம் கண்டதோடு நிறுத்திவிடாதீர்கள். கேமராவை வைத்தவர் என்ன காட்ட விரும்பினார் என்று கேளுங்கள்.

பிகினித் தீவு மக்கள் 167 பேரை 1946 மார்ச்சில் ரோங்கெரிக் தீவுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வையட், தலைவர் ஜூடாவிடம் "மனிதகுலத்தின் நன்மைக்காக" தீவைத் தரச் சொல்லிக் கேட்கும் காட்சி ஒன்று உண்டு. தென்னை மரத்தடி, உட்கார்ந்திருக்கும் மக்கள், அமைதியான சம்மதம். அது முடிவெல்லாம் ஆன பிறகு கேமராவுக்காகத் திரும்ப நடத்தி, பலமுறை எடுத்த காட்சி. இதை ஆவணம் என்று போடலாம், "மக்கள் சம்மதித்த தருணம்" என்று போடக்கூடாது.

1957 ஜூலை 19, நெவாடா. தலைக்கு மேலே சுமார் ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் 2 கிலோடன் ராக்கெட் வெடிக்கும்போது ஐந்து அதிகாரிகள் திறந்த வெளியில் நிற்கிறார்கள். பக்கத்தில் "மக்கள்தொகை 5" என்று எழுதிய பலகை. அந்த இடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறாவது ஆள் கேமராவைப் பிடித்த ஜார்ஜ் யோஷிட்டாகே.

பேக்கர் வெடிப்புக்குப் பிறகு எடுத்த ஃபிலிம்களில், கதிர்வீச்சு ஏறிய கப்பல் தளங்களை மாலுமிகள் தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்ப்பதைப் பார்க்கலாம். மேகப் படத்தைவிட எனக்கு அதுதான் முக்கியமானதாகப் படுகிறது, ஆனால் அதை யாரும் பகிர்வதில்லை. 1954 மார்ச் 1 அன்று வெடித்த பிராவோ, எதிர்பார்த்த 6 மெகாடனுக்குப் பதில் 15 மெகாடனாக வந்தது. ஜப்பானிய மீன்பிடிப் படகான ஐந்தாம் ஃபுக்குரியு மாருவில் இருந்த 23 பேர் மீதும், ரோங்கெலாப் தீவு மக்கள் மீதும் சாம்பல் பொழிந்தது. பிராவோ மேகத்தைப் போடுகிறீர்கள் என்றால் கீழே ஒரு வரி இவர்களுக்கும் ஒதுக்குங்கள்.

ஒன்பதாம் படி: பெயரையும் தேதியையும் சரிபார்த்து விளக்கம் எழுதுங்கள்

அமெரிக்கச் சோதனைகளுக்கு இரண்டு பெயர் உண்டு: தொடரின் பெயர், வெடிப்பின் பெயர். காசில் என்பது தொடர். பிராவோ, ரோமியோ எல்லாம் அதில் அடங்கியவை. பசிபிக் சோதனைகளுக்குத் தேதியும் இரண்டு வரும். ஐவி தொடரின் மைக் (முதல் ஹைட்ரஜன் குண்டுச் சோதனை) அங்கே 1952 நவம்பர் 1, கிரீன்விச் கணக்கில் அக்டோபர் 31. இரண்டு தளங்களில் இரண்டு தேதி பார்த்துக் குழம்ப வேண்டாம். உள்ளூர்த் தேதியை எழுதி, அப்படி என்று குறிப்பிட்டால் போதும்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியில் எடுத்த படங்களுக்கு அங்கே காப்புரிமை கிடையாது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஆய்வகத் தளங்களிலும் தாராளமாகக் கிடைக்கும். பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யப் படங்களுக்கு இதே விதி பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். செய்தி நிறுவனங்களின் படமும் அப்படித்தான்.

விளக்கம் இந்த அமைப்பில் இருக்கட்டும்: "பேக்கர் வெடிப்பு, கிராஸ்ரோட்ஸ் தொடர், பிகினி காயல், மார்ஷல் தீவுகள், 1946 ஜூலை 25 (உள்ளூர்த் தேதி). கடலுக்கடியில், சுமார் 23 கிலோடன். படம்: அமெரிக்க இராணுவம்." எது தெரியவில்லையோ அந்த இடத்தில் "அடையாளம் காணப்படவில்லை" என்று போடுங்கள். நெவாடா, 1950கள் என்று மட்டும் தெரிந்தால் அவ்வளவுதான் எழுத வேண்டும். அழகாக இருக்கிறதே என்று ஒரு வெடிப்பின் பெயரை ஒட்டினால், அடுத்த வாரம் அதை எடுத்துப் போடுகிறவர் உங்களைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்.